கட்டுப் போட்ட காலும் வானத்தில் போன நெருப்பும்

மானத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு, ரங்கூன் என்று நீங்கள் சொல்லும் எங்கள் யாங்கோன் வானத்தில் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும், அம்மன் என்னைப் பிடிக்க நேரிலேயே கிளம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். மற்றவர்களுக்கு ஏதேதோ தோன்றியிருக்கிறது. மிங்கலாடோன் விமான நிலையத்துப் பக்கமிருந்து வந்ததால் விமானம் எரிகிறது என்றார்கள் சிலர். குண்டு என்று கட்டிலுக்கு அடியில் போனவர்கள் உண்டு. ஆனால் அது தன்னைத் தேடி வந்ததாக ஒருவரும் நினைக்கவில்லை. இத்தனை லட்சம் பேர் இருக்கிற ஊரில் அந்த நெருப்புக்கு என் வீட்டு விலாசம்தான் தெரியும் என்று நம்பியவன் நான் ஒருவன்தான்.

நம்பியதற்குக் காரணம் இருந்தது.

அதற்கு மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் என் மகளுக்குக் காய்ச்சல் வந்து, ஜன்னி கண்டு, கண் மேலே செருகிவிட்டது. நாலு வயது அப்போது. இன்றைக்கு ராத்திரி தாண்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்று சொன்னேன்: "பிள்ளையைக் கொடுத்துடு தாயே, நான் குழி இறங்குறேன்." எங்கள் பேட்டை அம்மன் கோயிலில் வருடா வருடம் பங்குனியில் தீமிதி உண்டு. குழி என்றால் அந்த நெருப்புக் குழி. மூன்றாம் நாள் பிள்ளை கண் திறந்து தண்ணீர் கேட்டாள். நாலாம் நாள் மொஹிங்கா, மீன் குழம்பு ஊற்றின எங்கள் ஊர் சேமியா, கேட்டாள். தன் பங்கை அம்மன் செய்துவிட்டாள். என் பேச்சைக் காப்பாற்ற வேண்டியதுதான் பாக்கி.

நான் இஸ்திரிக் கடைக்காரன். எங்கள் க்யிம்யிண்டைங் பேட்டையில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாததால் பித்தளைக் கரிப்பெட்டிதான் வைத்துத் தேய்ப்பேன். காலையில் கடை திறந்ததிலிருந்து மூடும் வரை கங்கோடுதான் புழக்கம். அதனாலேயே பயம். கங்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்குப் பூசாரிக்குக் கூடத் தெரியாது. ஒரு துண்டு சிதறி லுங்கியில் விழுந்தால் முந்நூற்று அறுபது பாகையிலும் ஆடுவேன். அப்படிப்பட்டவன் ஒரு குழி நிறையக் கிடக்கும் கங்கின் மேல் நடப்பதா?

முதல் வருடம், பெரியப்பா மகன் பகோ ஊரில் இறந்துவிட்டார், தீட்டு என்று சொன்னேன். தீட்டு உள்ளவன் காப்புக் கட்டக் கூடாது. பூசாரி துக்கம் விசாரித்தார். இரண்டு மாதம் கழித்து அந்த அண்ணனே ஊருக்கு வந்து, கோயிலுக்குப் போய், தன் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்துவிட்டுப் போனார்.

இரண்டாம் வருடம் காப்புக் கட்டிக்கொண்டேன். ஐந்தாம் நாள் கோயிலுக்கு எதிர் டீக்கடையில், எல்லோர் பார்வையும் படுகிற மேசையில் உட்கார்ந்து, மீன் குழம்பு மணக்க மணக்க ஒரு கிண்ணம் மொஹிங்கா சாப்பிட்டேன். முட்டையும் போடச் சொன்னேன். "ஐயோ, விரதம்!" என்று பாதிக் கிண்ணத்தில் தலையில் அடித்துக்கொண்டேன். மீதிப் பாதியையும் சாப்பிட்டுத்தான் எழுந்தேன்.

மூன்றாம் வருடம்தான் இந்தக் கால்.

இஸ்திரிப்பெட்டி காலில் விழுந்துவிட்டது என்று சொன்னேன். தொழிலில் வரக்கூடிய காயம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வலது பாதத்தில் மஞ்சளும் சிவப்பு மருந்தும் தடவி நானே கட்டுப் போட்டுக்கொண்டேன். மனைவி அவிழ்த்துப் பார்க்க வந்தபோதெல்லாம் தொடும் முன்பே அலறினேன். பதினோரு நாள் நொண்டினேன். நொண்டுவது லேசான காரியமில்லை. நடுவில் ஒருநாள் டீக்கடைக்கார பர்மியர் அண்ணன் முறை வைத்து, "அகோ, கட்டு வலது காலில், நொண்டுவது இடது காலா?" என்று கேட்டார். வலி மாறி மாறி வருகிறது என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய் டீ ஆற்றினார்.

தீமிதிக்கு முந்தின நாள். அன்று மத்தியானமே மகளுக்கு உடம்பு சுட்டது. பள்ளிக்கூட வாசலில் ஐஸ் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறாள். மனைவி மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தாள். நான் கோயிலுக்குக் கிளம்பும்போது, "ஒவ்வொரு வருசமும் இந்த நேரத்துலதான் பிள்ளைக்கு ஏதாவது வருது. கவனிச்சீங்களா?" என்றாள்.

"வெயில் காலம். எல்லாப் பிள்ளைக்கும்தான் வருது" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டு படி இறங்கினேன். அந்தப் பேச்சு கோயில் வரை கூடவே வந்தது.

கோயில் திடலில் குழி தயார். விறகை அடுக்கிவிட்டார்கள், விடியற்காலை மூட்ட வேண்டும். கால் முடியாதவனுக்கு ஏற்ற வேலை என்று குழி ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு என்னைக் காவலுக்கு உட்கார வைத்தார்கள். கட்டுப் போட்ட காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மனைவியின் அண்ணன், என் மச்சான், கையில் மஞ்சள் காப்போடு விறகைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஐந்தாவது வருடமாக இறங்குகிறவர்.

"மாப்ளே, தினம் நெருப்பைக் கையிலே பிடிக்கிறவன் நீ. எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கணும்" என்றார்.

"கால் மட்டும் நல்லா இருந்தா இந்நேரம் முதல் ஆளா நிப்பேன் மச்சான்."

"அடுத்த வருசம் பெட்டி எங்கே விழப்போகுதோ?"

"வாயைக் கழுவுங்க மச்சான்."

பூசாரி கேட்டுக்கொண்டே போனார், சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததுதான் எனக்கு உறுத்தியது.

ஏழு மணி இருக்கும். கரண்ட் போனது. அது வழக்கம். பேட்டையே இருண்டது. டீக்கடையில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கொசு அடித்துக்கொண்டே வானத்தைப் பார்த்தேன். மேகமே இல்லை, நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது.

அப்போது என் நிழல் தரையில் தெரிந்தது.

கரண்ட் இல்லாத இடத்தில் நிழல் எப்படி என்று யோசிப்பதற்குள் நிழல் நகர்ந்தது. நான் அசையவில்லை, என் நிழல் என்னைச் சுற்றி வந்தது. விறகுக் கட்டையின் நிழல், கோபுரத்தின் நிழல், மச்சானின் நிழல், எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின. தலையைத் தூக்கினேன். வடகிழக்கிலிருந்து ஒரு நெருப்பு உருண்டை வந்துகொண்டிருந்தது. முதலில் பச்சை கலந்த வெள்ளை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாகி, கங்கின் சிவப்பாகி, பின்னால் வால் விட்டு, வாலிலிருந்து துண்டு துண்டாக உதிர்ந்தது. கரிப்பெட்டியை வீசி ஆட்டினால் பொறி பறக்குமே, அதே மாதிரி. சத்தம் ஒன்றுமில்லை. அவ்வளவு பெரிய நெருப்பு சத்தமே இல்லாமல் தலைக்கு மேலே போனது.

தெருவில் இருந்தவர்கள் மேலே பார்க்கவில்லை. கரண்ட் வந்தால் யாங்கோன் முழுக்க ஒரே குரலில் கத்துவார்கள்: "மீ லா பீ!" கரண்ட் வந்தாச்சு என்று அர்த்தம். திடீரென்று வெளிச்சம் விழுந்ததும் பழக்க தோஷத்தில் தெருவே "மீ லா பீ!" என்று கத்திக் கைதட்டியது. அந்தக் கைதட்டலோடு என் தெய்வம் என் தலைக்கு மேலே போனாள்.

போனாளா? ஆற்றுப் பக்கம் இறங்கினாள். ஆற்றுப் பக்கம்தான் எங்கள் வீடு. கோயிலிலிருந்து பார்த்தால், அந்த நெருப்பு நேராக எங்கள் கட்டடத்தின் கூரைக்குப் பின்னால்தான் மறைந்தது. பிறகு மறுபடி இருட்டு, முன்னைவிட மோசமான இருட்டு. கைதட்டினவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்தது. என்னைப் பிடிக்க வந்தவள் என் மேல் விழவில்லை. கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் போகிறாள்.

ஓடினேன்.

எந்த வழியாக என்று கேட்காதீர்கள். வீடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். நடுவில் குழி இருந்தது. மூன்று வருடமாக எந்தக் குழிக்குப் பயந்து சாகாத சொந்தக்காரரைக் கூடச் சாகடித்தேனோ, அந்தக் குழிக்குள் குதித்து, அடுக்கின விறகின் மேல் ஏறி, கட்டைகளைச் சரித்து, அந்தப் பக்கம் கரையேறினேன்.

"மாப்ளே! காலு! காலு!" என்று மச்சான் பதறிக் கத்தினார். பாவம், உண்மையான அக்கறை. நாலைந்து எட்டு வைத்த பிறகு அவர் குரலே மாறிவிட்டது. "அடப்பாவி… காலு!"

தெருவில் கதவுகள் படார் படாரென்று மூடிக்கொண்டிருந்தன. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் புரியாதது எது நடந்தாலும் முதலில் கதவை மூடுவோம், அப்புறம்தான் யோசிப்போம். வெற்றிலைக் கடைக்காரர் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு மேசைக்கு அடியில் போனார். சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று எதிரே வந்தது, அதன் முன் சக்கரத்தை இடித்துவிட்டு ஓடினேன். பாதிக் கட்டு அவிழ்ந்து பின்னால் வாலாக இழுபட்டு வந்தது. அதைத் திரும்பிப் பார்த்தபோது யாரோ துரத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினேன்.

ஓடிக்கொண்டே பேரம் பேசினேன். "தாயே, நாளைக்கே இறங்குறேன். முதல் ஆளா இறங்குறேன். ரெண்டு தரம் வேணும்னாலும் இறங்குறேன். பகோ அண்ணனைக் கொன்னது தப்பு. மொஹிங்கா தப்பு, முட்டை ரொம்பத் தப்பு. பிள்ளையை விட்டுடு. என்னை எரிச்சுக்கோ." கடைசி வரியை மட்டும் மெதுவாகச் சொன்னேன். அந்த நிலைமையிலும் அது என் காதிலேயே விழுந்தது.

கட்டடத்தின் கீழே வந்து நின்றபோதுதான் சத்தம் வந்தது. ஆகாயத்தில் யாரோ ஒரு பெரிய இரும்புக் கதவை அறைந்து சாத்தின மாதிரி ஒரு இடி. ஜன்னல் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. பேட்டை நாய்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஊளையிட்டன. முடிந்தது, மூன்றாவது மாடியில் விழுந்துவிட்டாள் என்று நினைத்தேன். கால் இரண்டும் நிஜமாகவே நொண்டின.

கீழ் வாசல் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. யாரோ பயத்தில் உள்ளிருந்து பூட்டிவிட்டார்கள். எங்கள் ஊர் மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெரு வரை ஒரு கயிறு தொங்கும். மேல் முனையில் மணி, கீழ் முனையில் கிளிப். பேப்பர்காரன் கிளிப்பில் பேப்பரை மாட்டி மணியடித்தால் மேலே இழுத்துக்கொள்வோம். இருட்டில் தடவி எங்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன். மணி செத்த வீட்டுச் சேகண்டி மாதிரி அடித்தது.

மேலே மனைவியின் குரல், நடுங்கிக்கொண்டு: "யாரு கீழே?"

"நான்தான்டி! சாவியைப் போடு!"

"எங்க வீட்டுக்காரர் கோயில்ல இருக்காரு. அவருக்குக் கால் முடியாது. இவ்வளவு சீக்கிரம் வர மாட்டாரு. நீ யாரு?"

"நான்தான்! பிள்ளை எப்படி இருக்கு?"

"பிள்ளை இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இருட்டு, இடி, கீழே ஒருவன் மூச்சிரைக்கக் கத்துகிறான். பயந்த குரலுக்கு ஏது அடையாளம்? பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் நான் கீழே நிற்கிறேன். ஒன்றே ஒன்றைச் சொன்னால்தான் கதவு திறக்கும். முழுத் தொண்டையில் சொன்னேன்.

"காலு நல்லாத்தான் இருக்கு! பொய் சொன்னேன்! பெட்டியும் விழல, ஒண்ணும் விழல! குழிக்குப் பயந்து கட்டுப் போட்டேன்! சாவியைப் போடுடி!"

அந்த நிமிடம் பார்த்துக் கரண்ட் வந்தது. நிஜக் கரண்ட். ஒவ்வொரு பால்கனியிலும் தலைகள். கீழே நான், கையில் கயிறு, காலில் அவிழ்ந்த கட்டு. தமிழ் புரிந்தவர்கள் தமிழ் புரியாதவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஒருவர் கூட "மீ லா பீ" சொல்லவில்லை.

கயிறு மேலே போனது. சாவி கிளிப்பில் மாட்டி, ஆடி ஆடி, மூன்று மாடி தூரம் இறங்கி வந்தது. அவ்வளவு மெதுவாக அது அதற்கு முன்னும் இறங்கியதில்லை, பின்னும் இறங்கியதில்லை.

கடைசிப் படியில் தடுக்கி விழுந்து, எழுந்து, உள்ளே போனேன். மகள் பாயில் கிடந்தாள். கன்னத்தில் அரைத்துப் பூசின தனகா மரப்பட்டை காய்ந்து வெடித்திருந்தது. அசையவில்லை. பக்கத்தில் போக எனக்குத் தைரியம் வரவில்லை. மனைவி என் கையைப் பிடித்து இழுத்து அவள் நெற்றியில் வைத்தாள். நெற்றி ஈரமாக இருந்தது, குளிர்ந்திருந்தது. குளிர்ந்திருக்கிறதே என்று அலறப் போனேன். அவள் கண்ணைத் திறந்து, "அப்பா, மணியை யாரு அப்படி அடிச்சது?" என்று பர்மியில் கேட்டுவிட்டுப் புரண்டு படுத்தாள்.

நான் சுவரோரம் உட்கார்ந்துகொண்டேன். மனைவி கத்தரிக்கோலை எடுத்து வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். மிச்சக் கட்டை வெட்டி, மஞ்சளைத் தன் முந்தானையால் துடைத்தாள். காயமில்லாத பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பதினோரு நாள் உங்களுக்கு வெந்நீர் தூக்கினேன்" என்றாள். கட்டுத் துணியைச் சுருட்டி இஸ்திரி அலமாரியில் என் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள். ஒரு வருடம் அது அங்கேயே இருந்தது.

மறுநாள் விடியும் முன் பூசாரி முன்னால் போய் நின்றேன், இறங்குகிறேன் என்று.

"பத்து நாள் விரதம் இல்லாதவன் குழியில கால் வைக்கக் கூடாது" என்றார். முதல் தடவையாக அவர் உதட்டில் சிரிப்பு.

"நேத்தே இறங்கி ஏறிட்டேனே அண்ணே. எல்லாரும் பாத்தாங்களே. அதைச் சேர்த்துக்க முடியாதா?"

"நெருப்பு இல்லாம இறங்குறதுக்குப் பேரு வேற. போ, நீ சரிச்ச கட்டையைத் திரும்ப அடுக்கு."

அடுக்கினேன். மச்சான் பக்கத்தில் நின்று, "பாத்து மாப்ளே, காலு, காலு" என்று அடுக்கி முடிக்கும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம், லுங்கி தேய்க்கக் கொண்டுவரும் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சரம்மா ஒருவரிடம் கேட்டேன், பர்மியில் சயாமா என்று கூப்பிடுவோம். அது எரிகல் என்றார். வானத்தில் அலைகிற கல், காற்றில் உரசி எரிகிறது. மிக உயரத்தில் எரிந்ததால் சத்தம் பின்னால் வந்தது. நம் கூரை மேல் தெரிந்தது என்றால் அது பல மைல் தாண்டி, கடலுக்கு மேலே கூட இருக்கலாம். "வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் எண்ணியிருந்தால் தூரம் தெரிந்திருக்கும்" என்றார். நான் எண்ணவில்லை சயாமா, ஓடிக்கொண்டிருந்தேன் என்றேன்.

கல் என்று தெரிந்த பிறகு இன்னொரு சாக்குக் கிடைத்தது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு நாள் முழுக்க நினைத்துப் பார்த்தேன். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் துணிச் சுருள் இருந்தது. பயத்தில் ஓடும்போது பேசின பேரமும் காதில் இருந்தது, மெதுவாகச் சொன்ன கடைசி வரி உட்பட.

அடுத்த பங்குனியில் காப்புக் கட்டி, பத்து நாள் டீக்கடைப் பக்கம் தலைகாட்டாமல் இருந்து, குழி இறங்கினேன். எட்டே எட்டு காலடி. நடந்தேன் என்று மச்சான் சொல்கிறார், பறந்தேன் என்று மனைவி சொல்கிறாள். வலது பாதத்தில் ஒரு கொப்புளம் வந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு உண்மையாகவே நொண்டினேன். பேட்டையில் ஒருவரும் நம்பவில்லை.

வானத்தில் போனது ஒரு கல். எங்கள் வீட்டு மேல் விழவில்லை. பிள்ளைக்கு வந்தது ஐஸ் தண்ணீர்க் காய்ச்சல். நான் கோயிலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே, என் மனைவி கொடுத்த மாத்திரையில் அது இறங்கிவிட்டது.